எந்தச் சமையலுக்கு எந்தச் சீஸ்?

சூடான தோசைக்கல்லில் ஒரு துண்டு மொசரெல்லாவையும் அதே அளவு பன்னீரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் மொசரெல்லா தளர்ந்து பரவி, கரண்டியால் தூக்கினால் நூல் நூலாக வரும். பன்னீர் அடியில் சிவந்து, வைத்த சதுரம் சதுரமாகவே உட்கார்ந்திருக்கும். தீயைக் கூட்டினாலும் அது உருகப்போவதில்லை. காய்ந்து கெட்டிப்படும், அவ்வளவுதான். இரண்டும் பாலில் இருந்து வந்தவை. இரண்டிலும் முக்கியமாக இருப்பது அதே புரதம், அதே கொழுப்பு.

வீட்டில் செய்த பீட்சா நடுவில் குளமாகிவிட்டாலோ, பாஸ்தா சாஸ் திரிதிரியாகப் பிரிந்தாலோ, நாம் அடுப்பின் மீதோ செய்முறையின் மீதோ பழியைப் போடுகிறோம். பெரும்பாலும் குற்றவாளி சீஸ்தான். அதுவும் கெட்ட சீஸ் அல்ல, அந்த வேலைக்குப் பிறக்காத சீஸ். கடையில் பெயரைப் பார்த்து, அல்லது விலையைப் பார்த்து வாங்குகிறோம். சமைக்கிறவர் பார்க்க வேண்டியது மூன்று விஷயங்களை: அது எவ்வளவு புளித்தது, அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எத்தனை காலம் முதிர வைத்தார்கள். இந்த மூன்றும் தெரிந்தால், ஒரு சீஸ் அடுப்பில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை வாயில் வைக்காமலேயே ஓரளவு சொல்லிவிடலாம்.

புளிப்பில் இருந்து தொடங்குவோம். பாலில் கேசின் என்ற புரதம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. அந்த உருண்டைகளைக் குலையாமல் பிடித்து வைத்திருப்பதில் கால்சியம் பாஸ்பேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. உலகத்துச் சீஸ்களில் பெரும்பாலானவை ரென்னெட் என்ற நொதியால் திரிக்கப்பட்டவை. ரென்னெட் அந்த உருண்டைகளின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பகுதியை வெட்டிவிடும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த உருண்டைகள் அப்போது ஒட்டிக்கொண்டு வலையாகின்றன. கால்சியம் உள்ளேயே இருக்கிறது. பிறகு, சேர்த்த பாக்டீரியா பாலின் சர்க்கரையைத் தின்று புளிப்பை ஏற்ற ஏற்ற, அந்தக் கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும்.

எவ்வளவு வெளியேறியது என்பதில்தான் உருகும் குணமே இருக்கிறது. புளிப்பை அளக்கும் எண் பி.எச்.; அது இறங்க இறங்கப் புளிப்பு கூடும். பாலின் பி.எச். அளவு சுமார் 6.6. அது 5.2 பக்கம் இறங்கும்போது கால்சியத்தில் ஒரு பகுதி போய், ஒரு பகுதி மிச்சம் இருக்கும். வலை அறுந்துபோகாமல், அதே நேரம் சூட்டில் நெகிழ்ந்து வழுக்கும் நிலை அது. மொசரெல்லாவைச் செய்பவர்கள், பால் திரண்ட கட்டி இந்த அளவுக்குப் புளிக்கும்வரை காத்திருந்துதான் வெந்நீரில் போட்டுப் பிசைந்து இழுக்கிறார்கள். சைப்ரஸ் நாட்டு ஹலூமியில் இந்தப் புளிப்பு ஏறுவதற்கு முன்பே கட்டியை எடுத்து, அது கக்கிய தண்ணீரிலேயே 90 டிகிரிக்கு மேல் வேக வைத்துவிடுவார்கள். கால்சியம் அப்படியே இருப்பதால் வலை இறுகி நிற்கும். அதனால் ஹலூமியை நேராகத் தணலில் வாட்டலாம். கிரேக்கத்து ஃபெட்டா இதற்கு எதிர்ப்பக்கம். பி.எச். 4.5 அளவுக்குப் புளித்துவிடுவதால் கால்சியம் ஏறக்குறைய காலி. சூட்டில் மெத்தென்று ஆகும், ஓடாது. அளவோடு புளித்தது உருகும். புளிக்காததும், அளவு மீறிப் புளித்ததும் உருகாது.

பன்னீர் கதை வேறு. இங்கே ரென்னெட்டே கிடையாது. பாலை முதலில் நன்றாகக் கொதி நிலைக்குக் கொண்டுபோகிறோம். அந்தச் சூட்டில், சாதாரணமாகத் தண்ணீரோடு போய்விடும் மற்றப் புரதங்களும் குலைந்து கேசினோடு ஒட்டிக்கொள்கின்றன. அதன்பின் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விழுந்ததும் எல்லாம் சேர்ந்து திரண்டுவிடும். இந்தக் கட்டமைப்பு சூடேறினால் தளராது. இன்னும் இறுகி, உள்ளே இருக்கும் நீரை வெளியே தள்ளும். பன்னீரை ரொம்ப நேரம் வறுத்தால் ரப்பராவது இதனால்தான். வறுத்த துண்டுகளை உப்புப் போட்ட வெந்நீரில் போட்டு வைப்பது நம் சமையல்காரர்களின் பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. குழம்பு கொதித்து முடியும் நேரத்தில் பன்னீரைச் சேர்த்தால் போதும். முதலிலேயே போட்டு வேக வைக்க அதில் வேகாதது எதுவும் இல்லை.

இனி பீட்சா. இங்கே பிரச்சினை தண்ணீர். நேப்பிள்ஸ் நகரத்து பீட்சாவில் போடும் புதிய மொசரெல்லாவில் சுமார் 60 சதவீதம் தண்ணீர்தான். அங்கே விறகடுப்பின் சூடு 430 முதல் 480 டிகிரி வரை போகும். பீட்சா அறுபது, தொண்ணூறு வினாடிகளில் வெந்து வெளியே வந்துவிடும். அவ்வளவு சூட்டில் ஈரம் பறந்துவிடும், மீதி ஈரம் மாவை நனைப்பதற்குள் பீட்சா தட்டில் இருக்கும். அந்தச் சூட்டிலும் அங்குள்ளவர்கள் சீஸை முன்கூட்டியே வெட்டி வடிய விடுகிறார்கள். நம் வீட்டு ஓவன் 250 டிகிரியைத் தாண்டாது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் உள்ளே இருக்கும் பீட்சாவின் மேல் அந்த வெள்ளை உருண்டையைக் கிள்ளிப் போட்டால் குளம் கட்டாமல் என்ன செய்யும்? வீட்டுக்கு ஏற்றது ஈரம் குறைந்த மொசரெல்லா, அதாவது கட்டியாக, லேசான மஞ்சளாக, துருவ வருவது. அதில் தண்ணீர் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பத்து சதவீத வித்தியாசம் காகிதத்தில் சின்னதாகத் தெரியும், மாவின் மேல் பெரியது.

பீட்சா மேல் பழுப்புப் புள்ளிகள் ஏன் மொசரெல்லாவில் மட்டும் அவ்வளவு அழகாக வருகின்றன என்பதை நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செடார், ஈடம், கோல்பி, எமெண்டால், க்ருயேர், ப்ரொவொலோனே எல்லாவற்றையும் வேக வைத்துப் படமெடுத்து ஒப்பிட்டார்கள். மொசரெல்லா நெகிழ்ச்சியானது, உள்ளே நீராவி கிளம்பும்போது குமிழாக எழும்பும். குமிழின் உச்சியில் இருக்கும் எண்ணெய் கீழே வழிந்துவிட, அந்த இடம் காய்ந்து சிவக்கிறது. செடாருக்கு அந்த நெகிழ்ச்சி போதாது, குமிழே எழாது. க்ருயேர் நிறைய எண்ணெய் விடுவதால் அது மேலே படலமாக மூடிக்கொண்டு, நீர் ஆவியாவதையும் சிவப்பதையும் தடுக்கிறது. ஆகவே பீட்சாவுக்கு மொசரெல்லாவை அடித்தளமாக வைத்து, ருசிக்கு நாலில் ஒரு பங்கு செடாரோ வேறு முதிர்ந்த சீஸோ கலப்பதுதான் விவேகம். முழுக்கச் செடார் போட்ட பீட்சா எண்ணெய்க் குளியலாக முடியும்.

துருவி பாக்கெட்டில் வரும் சீஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. இழைகள் ஒட்டாமல் இருக்க அதில் மாவுச்சத்தோ செல்லுலோஸ் தூளோ தூவியிருப்பார்கள். பீட்சாவுக்கு அது பெரிய குறையில்லை. சாஸில் போட்டால் மட்டும் லேசாக நறநறக்கும். கட்டியாக வாங்கித் துருவிக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகாது.

மூன்றாவது விஷயம் வயது. சீஸ் அறையில் முதிரும்போது நொதிகள் கேசின் சங்கிலிகளைத் துண்டுதுண்டாக வெட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் துண்டுகளில் இருந்துதான் ருசியும் மணமும் வருகின்றன. ஆனால் நூலாக இழுபடுவதற்கு நீளமான சங்கிலிகள் வேண்டும். எனவே முதிர முதிர ருசி ஏறும், இழுவை இறங்கும். இரண்டு மாதச் செடார் வழவழவென்று உருகும்; ருசி சுமார். இரண்டு வருடச் செடார் நாக்கில் சுரீரென்று பிடிக்கும். ஆனால் சூடேற்றினால் புரதம் மணல் மணலாக ஒரு பக்கமும் எண்ணெய் மறுபக்கமும் பிரியும். விலை அதிகம் என்பதற்காக முதிர்ந்த செடாரை வாங்கி சாண்ட்விச்சில் வைத்துச் சுடுவது காசைக் கரியாக்குகிற வேலை.

அந்த ருசியும் வேண்டும், வழவழப்பும் வேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது. மெக்கரோனி அண்ட் சீஸ் செய்பவர்கள் வெண்ணெயில் மைதாவை வறுத்து, பாலை ஊற்றிக் கெட்டியாக்கி, அடுப்பை அணைத்த பிறகு துருவிய சீஸைச் சேர்க்கிறார்கள். மாவுச்சத்து புரதங்களுக்கு நடுவில் புகுந்து, அவை கட்டி தட்டாமல் விலக்கி வைக்கிறது. உருக்கிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் சுவிட்சர்லாந்தின் ஃபோண்டூவில் க்ருயேரோடு வெள்ளை ஒயின் சேர்ப்பதும் வாசனைக்காக மட்டும் இல்லை. ஒயினில் உள்ள டார்டாரிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் புரதங்கள் தளர்ந்து நீரோடு கலக்கின்றன. ஒயின் புழங்காத வீட்டில் சில துளி எலுமிச்சைச் சாறும் ஒரு ஸ்பூன் சோள மாவும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும்.

இந்த இடத்தில், சீஸ் ரசிகர்கள் முகம் சுளிக்கும் ஒரு பொருளுக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது: ப்ராசஸ்டு சீஸ். 1911இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரத்தில் வால்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் எமெண்டால் சீஸை சோடியம் சிட்ரேட் என்ற உப்போடு சேர்த்துச் சூடாக்கினார்கள். வெப்ப நாடுகளுக்கு அனுப்பினாலும் கெடாத சீஸ் வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். ஆக, இது ஒருவகையில் நம்மைப் போன்ற ஊர்களை மனதில் வைத்துப் பிறந்த சரக்கு. அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் தன் முறைக்கு 1916இல் காப்புரிமை வாங்கினார். சிட்ரேட் செய்யும் வேலை எளிமையானது. கேசினில் இருக்கும் கால்சியத்தை எடுத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கிறது. கால்சியம் இல்லாத கேசின் தண்ணீரையும் கொழுப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் பசையாகிவிடுகிறது. எவ்வளவு சூடேற்றினாலும் எண்ணெய் பிரிவது அரிது.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் அமுல் கட்டி, க்யூப், ஸ்லைஸ் எல்லாம் இந்த வகைதான். சீஸ் தோசைக்கு இதை விடப் பொருத்தமானது இல்லை என்பது என் கட்சி. தோசைக்கல்லின் சூட்டைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். செடார் என்றால் எண்ணெய் வடிந்து தோசை நமுத்துவிடும், மொசரெல்லா என்றால் ஆறியதும் ரப்பராகும், ருசியும் சப்பென்று இருக்கும். ப்ராசஸ்டு சீஸ் உப்பும் மணமுமாகத் தோசையோடு படிந்துவிடும். அடிப்பக்கம் முறுகத் தொடங்கியதும் துருவலைத் தூவி, தீயைத் தணித்து, ஒரு மூடி போட்டுவிட்டால் ஒரு நிமிடத்தில் தயார். நூல் இழுக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் பாதிக்குப் பாதி மொசரெல்லா கலந்துகொள்ளலாம். கொழும்புத் தெருக்களின் சீஸ் கொத்திலும் வேண்டியது இதே குணம்தான்: கொதிக்கிற இரும்புத் தகட்டில் ரொட்டித் துண்டுகளோடு கொத்துப்படும்போது பிரியாமல், எல்லாவற்றிலும் சாஸ் போலப் பூசிக்கொள்ள வேண்டும்.

இதில் இன்னொரு உபயோகமும் உண்டு. முதிர்ந்த செடாரில் சாஸ் செய்யும்போது ஒரு க்யூப் ப்ராசஸ்டு சீஸை உடன் சேர்த்துப் பாருங்கள். அதில் மிச்சம் இருக்கும் சிட்ரேட் மற்றச் சீஸையும் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். ருசி செடாருடையதாக இருக்கும், வழவழப்பு க்யூபினுடையதாக இருக்கும். உப்பை மட்டும் கடைசியில் பார்த்துப் போடுங்கள்.

உருகுவதற்காக வாங்கக்கூடாத சீஸ்களும் இருக்கின்றன. இத்தாலியின் கடினச் சீஸான பார்மிஜானோ ரெஜ்ஜானோ குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும் என்பது விதி. 24, 36 மாதங்கள் வைத்திருப்பதும் சாதாரணம். தண்ணீர் 30 சதவீதம் அளவுக்கு வற்றியிருக்கும். மொசரெல்லா 55 டிகிரி வாக்கில் உருகத் தொடங்கினால், இது 80ஐத் தாண்டினால்தான் அசையும். அப்போதும் பரவாது. ஆனால் புரதம் உடைந்து உடைந்து, ருசியைத் தூக்கிக் கொடுக்கும் குளூட்டமேட் குவிந்திருப்பதால் மசாலாப் பொருள் போல வேலை செய்கிறது. கடைசியில் கொஞ்சம் துருவிப் போடுங்கள், போதும். அதன் தடித்த தோலைத் தூக்கி எறியாமல் தக்காளி சூப்பிலோ பீன்ஸ் வேகும் தண்ணீரிலோ போட்டுக் கொதிக்க விட்டு, பிறகு எடுத்துவிடலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அசல் பார்மிஜானோவில் கன்றின் வயிற்றில் இருந்து எடுத்த ரென்னெட்தான் சேர்க்கப்பட வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. இந்தியாவில் பச்சைப் புள்ளியோடு வரும் சீஸ்களில் நுண்ணுயிர்கள் வழியாகத் தயாரித்த ரென்னெட் இருக்கும்.

கடினச் சீஸை சாஸாக்கும் வித்தையில் ரோம் நகரத்துக் காச்சோ எ பெப்பே பேர் போனது. பெக்கோரீனோ ரோமானோ என்ற செம்மறிப் பால் சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர், அவ்வளவுதான் பொருட்கள். எளிமையைப் பார்த்து ஏமாறக் கூடாது. பாஸ்தா கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது சீஸைக் கொட்டினால் பிசின் உருண்டையாகத் திரண்டு முள்கரண்டியில் தொங்கும். இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதையே ஆய்வாக எடுத்து, 2025இல் 'ஃபிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். சிரிக்க வைத்து யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசையும் அதே ஆண்டு இயற்பியல் பிரிவில் வாங்கினார்கள். சீஸின் எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக மாவுச்சத்து இருந்தால் சூட்டில் கட்டி தட்டும். 2 முதல் 3 சதவீதம் இருந்தால் சாஸ் நிலைத்து நிற்கும் என்பது அவர்கள் கண்டது. பாஸ்தா வெந்த தண்ணீரில் மட்டும் அவ்வளவு மாவுச்சத்து இருக்காது. ஆகவே 160 கிராம் சீஸுக்கு 4 கிராம் சோள மாவைத் தனியாகக் கரைத்துக் காய்ச்சி, ஆறியதும் சீஸோடு சேர்த்து அரைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ரோமின் பாட்டிமார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் முதல் தடவை செய்கிறவர்களுக்கு இது நிச்சயமான வழி. பெக்கோரீனோ கிடைக்காமல் வேறு கடினச் சீஸில் செய்தாலும் கணக்கு இதை ஒட்டித்தான் இருக்கும்.

ஃபெட்டாவை ஓவனில் வைக்கலாமா என்று கேட்டால், தாராளமாக. ஃபின்லாந்தில் 2019இல் பரவி, 2021இல் டிக்டாக் வழியாக உலகம் சுற்றிய பேக்டு ஃபெட்டா பாஸ்தாவின் சூட்சுமமே அது உருகாது என்பதில்தான் இருக்கிறது. தக்காளியோடு வெந்து மெத்தென்றாகும் கட்டியை மசித்தால், தக்காளிச் சாறோடு கலந்து கிரீம் போன்ற சாஸ் வரும். மசிக்காமல் அது தானாக ஓடும் என்று காத்திருந்தால் இரவாகிவிடும். ரிக்கோட்டாவும் ஓடாத ஜாதி. லசானியாவிலும் பாஸ்தா பொதிகளிலும் உள்ளே நிரப்புவதற்காகவே இருக்கிறது.

எண்ணெயில் பொரிக்கும் சீஸ் உருண்டை, பிரெட் ரோல் வகையறாவில் பயம் ஒன்றுதான்: உருகிய சீஸ் பொத்துக்கொண்டு எண்ணெயில் இறங்கிவிடும். ஈரம் குறைந்த மொசரெல்லாத் துண்டை பிரெட் தூளில் இரண்டு தரம் புரட்டி, ஃப்ரீசரில் நன்றாக உறைய வைத்து, பிறகு சூடான எண்ணெயில் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். கட்லெட்டுக்கு உதிர்த்த பன்னீரோடு கொஞ்சம் மொசரெல்லாத் துருவலைப் பிசைந்தால் பன்னீர் உருவத்தைக் காக்கும், மொசரெல்லா நெகிழ்வைத் தரும்.

எந்த வகையானாலும் தீ விஷயத்தில் ஒரே பக்குவம்தான்: சீஸ் விழுந்த பிறகு கொதிக்க விடாதீர்கள். குளிர்பெட்டியில் இருந்து எடுத்த கட்டியை அப்படியே போடாமல், துருவி, சற்று நேரம் வெளியே வைத்து, அடுப்பில் இருந்து இறக்கிய சாஸில் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்துக் கிளறினால் போதும்.

வாங்கும் இடத்தில், இப்போது நிலைமை முன்பு போல இல்லை. கொடைக்கானல் சீஸும் ஆரோவில்லில் செய்யும் சீஸும் பெரிய ஊர்களில் கிடைக்கின்றன. க்ருயேர் தேடி அலைவதற்குப் பதில், இளம் செடாரும் கௌடாவும் கலந்து போட்டால் வீட்டுச் சமையலுக்கு நன்றாகவே ஒத்துவரும். மலிவாகக் கிடைக்கும் சில பாக்கெட்டுகளில் அனலாக் என்று சின்ன எழுத்தில் இருக்கும். பால் கொழுப்புக்குப் பதிலாகப் பாமாயில் போன்ற தாவரக் கொழுப்பு சேர்த்த சரக்கு அது. பீட்சாவின் மேல் உருகவும் செய்யும், நூலாக இழுபடவும் செய்யும். ஆறியதும் மெழுகுப் படலம் போல இறுகி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பொருட்பட்டியலில் முதலில் வருவது பாலா, சீஸா, தாவர எண்ணெயா என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.